ஏலவார்குழலி பெற்ற பிள்ளையின் காது

எங்கள் பக்கத்து வீட்டு ஏலவார்குழலிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எட்டு வருஷமாக வேலை செய்கிறாள். அங்கே அவள் ரிலீவர். லைனில் யார் எழுந்து போனாலும் அந்த இடத்தில் நின்று அவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும். பதினேழு இடத்து வேலையும் அவள் விரல்களுக்கு அத்துப்படி. அதே லைனில் இருந்த இனியவனைத்தான் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் காது கேட்காது.

அவளுடைய அம்மா கங்கா, சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர். "சொந்தத்துல கட்டி ஒண்ண இப்டி பெத்தேன். இப்ப மருமவனும் இப்டி. பொறக்கப்போற புள்ளைக்கு எப்டிக்கா கேக்கும்?" என்று என்னிடம் அழாத நாளில்லை. நான் வல்லக்கோட்டை முருகனிடம் சொல்லிவைத்தேன்.

ஆறாம் மாதத்தில் டாக்டர் புருஷன் பெண்டாட்டி இருவர் இரத்தத்தையும் சோதித்துவிட்டு, பிள்ளைக்குக் கேட்கும் என்றார். கங்கா நம்பவில்லை. ஏலவார்குழலி எனக்குப் போனில் எழுதிக் காட்டினாள்.

"காது கேக்க நூறு மரபணுவுக்கு மேல சேந்து வேலை செய்யணும் பெரிம்மா. ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. எனக்கு ஒரு எடத்துல ரெண்டுமே லீவு. அவருக்கு வேற எடத்துல ரெண்டும் லீவு. பாப்பாவுக்கு, எனக்கு இல்லாத எடத்துக்கு அவரு ஆள் அனுப்புவாரு. அவருக்கு இல்லாத எடத்துக்கு நான் அனுப்புவேன். ரிலீவர்!"

படித்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. அஞ்சாவது வரை படித்தவள் நான். இந்த உடம்புக்குள் இத்தனை பேர் சத்தமில்லாமல் கைகோத்து நிற்கிறார்களா! முருகா, உன் வேலையே வேலை.

பெண் பிறந்தது. நாற்பதாம் நாள் கங்கா தூளிக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். என் காதே அடைத்துப்போயிற்று. பிள்ளை இமைகூட அசைக்கவில்லை. மறுபடி அடித்தார். தூங்கியது.

"போச்சுக்கா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா முகத்தைப் பார்த்தே ஏலவார்குழலிக்குப் புரிந்துவிட்டது. கேட்காவிட்டால் என்ன, நான் இல்லையா என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். ஆனாலும் பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

அப்போதே இனியவனையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காது சோதிக்கும் பிரவீனா, தூங்கும் பிள்ளையின் காதில் சின்னக் குழாய் ஒன்றை வைத்தார். நான் மூச்சுக்கு மூச்சு முருகனைக் கூப்பிட்டேன். இடது காது. திரையில் பச்சை. வலது காது. அதுவும் பச்சை!

"ரெண்டு காதும் நல்லா கேக்குதும்மா."

"அப்ப தட்டுக்கு ஏன் முழிக்கல?" என்றார் கங்கா.

"வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புதான் கீது."

"சரியாப் போச்சு! நாளெல்லாம் அந்த டமால் டமால்லயே தூங்கற புள்ள, உங்க தட்டுக்கா எழுந்திரிக்கும்?"

கங்கா சிரித்தார், அழுதார், பிரவீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இனியவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறையையே சுற்றி வந்தான். ஏலவார்குழலி கண்ணைத் துடைத்துவிட்டுப் போனில் ஏதோ எழுதி அம்மாவிடம் நீட்டினாள். கங்காவுக்குக் கண்ணீர் மறைத்தது. நான்தான் வாங்கிப் படித்தேன்.

"இனிமே என் முதுகுக்குப் பின்னால நீ பேசறதெல்லாம் இவ எங்கிட்ட சொல்லிடுவா. உஷாரா இரு."

"அடிப்பாவி!" என்று மகள் முதுகில் ஒன்று வைத்தார் கங்கா.