லெவுக்காவில் ஓர் ஆந்திராக்காரன்

பிஜித் தீவுகளில் லெவுக்கா என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. ஒரே தெரு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, இடையில் காயும் கொப்பரைத் தேங்காயின் வாடை. அப்போது மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் இருந்த சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து தமிழ் வாத்தியாராகப் போன எனக்கு, அந்தத் தெருவில் யாரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

கொப்பரைக் கிடங்கு மேஸ்திரியின் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மேஸ்திரியின் தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். மேஸ்திரி இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. வீம்பு மட்டும் அங்கிருந்தே வந்திருந்தது. மெட்ராஸ் ராஜ்ஜியத்துப் பையனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பந்தக்கால் நட்ட வாரம் ஒரு கப்பல் வந்தது. அதில் வந்திறங்கிய துணிக்கடைக்காரர், மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து சத்தியவேடு ஆந்திராவுக்குப் போய்விட்டது என்று துறையில் நின்றபடியே சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா அந்த மனுஷன்? நான் வீடு போய்ச் சேருமுன் சேதி மேஸ்திரி வீட்டுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பி, வாசலிலேயே நிறுத்தினார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"வாத்தியாரே, நீ ஆந்திராக்காரனாமே."

"நான் எங்கியும் போவல மாமா. உங்க எதிர்லதான் நின்னுக்கினு இருக்கேன்."

"நான் வாக்கு குடுத்தது மெட்ராஸ்காரனுக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க தாத்தாவுக்கு எந்த ஊரு?"

"புத்தூர்" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

"அது எங்க ஊருக்கு முன்னாடியே ஆந்திராவுக்குப் போயிடுச்சு."

மீசையிலிருந்து கை இறங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாத்ததே இல்ல. ஒருவாட்டி போயி பாக்கணும்னு இருந்தேன். அதையும் தூக்கிக் குடுத்துட்டாங்களா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "ஊரத் தூக்கிக்கினு போயி எங்க வெச்சிருப்பாங்க? இருந்த எடத்துலதான் இருக்கும். ரெண்டு ஆந்திராக்காரரும் உள்ள வாங்க, கொழம்பு ஆறுது."

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறோம். உன் அம்மா வைத்த மீன்குழம்பு மாதிரி இல்லையே என்று வாய்தவறிச் சொன்னால், "அப்ப உங்க ஆந்திராவுக்கே போங்க" என்கிறாள் என் மனைவி. அடுத்த கப்பல் எப்போது என்று நான் இதுவரை விசாரித்ததில்லை.