பூனைகளுக்குக் கொடுத்த வெயில்

வெயில் பட்ட கம்பளித் துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. நாள்கணக்கில் காயாமல் கொடியில் தொங்கிய துணி, என்றைக்கோ ஒரு காலையில் மேகம் விலகி வெயில் அடித்ததும் மெல்லச் சூடேறி, ஆட்டு ரோமமும் சோப்பும் கலந்த ஒரு மணத்தை விடும். கொடைக்கானலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்த மணம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. "கண்ணாடி ரூம்" என்போம். பெயர் என்னவோ பங்களா கணக்காக இருக்கும். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும்.

மலைச்சரிவை வெட்டி, அதில் முதுகைச் சாய்த்துக் கட்டிய வீடு எங்களுடையது. பின்பக்கம் முழுக்க மண். கிழக்குப் பார்த்த முன்பக்கத்தில் மட்டும்தான் வெயில் எட்டிப் பார்க்கும். அதிலும் பாதியை அப்பாவின் பேரிமரம் மறைத்துக்கொண்டு நிற்கும். மிச்சப் பாதிக்குச் சொந்தக்காரி அம்மா. கண்ணாடி ரூமில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோட்டும் பெண்களின் ரவிக்கையுமாகத் தைத்துத் தள்ளுவாள். கறுப்புக் கோட்டில் கறுப்பு நூலை ஓட்டுவதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும், பல்பு வெளிச்சம் ஏமாற்றிவிடும் என்பாள்.

அந்த வெயிலுக்கு இன்னும் இரண்டு பேர் பாத்தியதை கொண்டாடினார்கள். ஒன்று கருப்பாயி. யார் வீட்டுப் பூனை என்று தெரியாது. ஒரு மழைக்கு எங்கள் விறகுக் கொட்டகையில் ஒதுங்கியது, மழை விட்டபிறகும் போகவில்லை. இன்னொன்று அதன் மகள். காய்கறி மண்டியில் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்து போட்டிருந்த பட்டாணிச் சாக்கின் மேல் பிறந்ததால் அதற்குப் பட்டாணி என்றே பெயர் வைத்தோம். தாய் நிதானம் என்றால் மகள் நெருப்பு. மெஷின் சக்கரத்தில் ஓடுகிற வாரைத் தட்டிப் பார்க்கும். நூல்கண்டை உருட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் சேர்க்கும். வெட்டுவதற்கு விரித்த துணியின் நட்டநடுவில்தான் படுக்கும், ஓரம் அதன் தகுதிக்குக் குறைவு. அம்மா திட்டிக்கொண்டே ரோமத்தைத் தட்டிவிட்டுக் கோட்டை மடிப்பாள். "பூனை முடியும் சேத்துத்தான் தச்சுக் குடுக்குறீங்களா?" என்று கேட்ட வாடிக்கைக்காரம்மாவிடம், "குளிருக்கு எதமா இருக்கும்ல, அதுக்குக் காசு கேக்கலையே" என்று சொன்னவள் அவள். அவ்வளவு தூரம் பொறுத்துக்கொண்டாள்.

பொறுமை முடிந்தது ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. ரவிக்கைக்குக் கையால் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவளை வாசலில் யாரோ கூப்பிட, நூல் கோத்த ஊசியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது ரவிக்கை கிடந்தது, ஊசி இல்லை. பட்டாணி அறை வாசலில் உட்கார்ந்து, வாயை மூட முடியாமல் எச்சில் வடிய, தலையை உதறிக்கொண்டிருந்தது. கடைவாயிலிருந்து சிவப்பு நூல் ஒரு சாண் தொங்கியது. நான் போட்ட சத்தத்தில் அப்பா ஓடிவந்து நூலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"இழுக்காதீங்க" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி எங்க குத்திக் கெடக்குன்னு தெரியாம இழுத்தா கிழிச்சிரும்."

கைக்கு அகப்பட்டது தைத்து முடிக்காத ஒரு பள்ளிக்கூடக் கோட்டு. அதில் பட்டாணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூவரும் மேட்டுப்பாதையில் ஏறினோம். மாட்டாஸ்பத்திரி வாசலில் ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் குதிரைகள் இரண்டு வரிசையில் நின்றன. குதிரைக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். டாக்டர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து, நாக்கின் அடியில் குத்தியிருந்த ஊசியை இடுக்கியால் எடுத்தார். "நூலப் புடிச்சு இழுக்காமக் கொண்டாந்தீங்களே, அது போதும்" என்றார். நூலை மட்டும் விழுங்கியிருந்தாலும் குடலைச் சுருட்டிக் கொன்றுவிடும் என்று அவர் சொன்னபோது அம்மா அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய ஊசி.

வீட்டுக்கு வந்தும் அன்றைக்கு அவளால் மெஷினை மிதிக்க முடியவில்லை. திங்கட்கிழமை பக்கத்துக் கடைப் போனில் பாச்சலூரிலிருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டாள். மாமா தோட்டத்து ஆரஞ்சையும் பீன்ஸையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு எங்கள் ஊருக்கு வருவார். காப்பிக்கொட்டைக் கிட்டங்கியில் எலித் தொல்லை தாங்கவில்லை, இரண்டு பூனை இருந்தால் கொடு என்று வெகுநாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள்.

நான் அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அழுதேன். அம்மா அதட்டவில்லை.

"கோவத்துல அனுப்பல புள்ள, பயந்து அனுப்புறேன். என் ஊசியால ஒரு உசுரு போயிரக் கூடாது. மெஷின நிறுத்துனா நம்ம சோறும் நின்னுரும். அதுக ரெண்டும் இந்த ரூமுக்குள்ள வராம இருக்க ஒரு வழி இருந்தாச் சொல்லு, இங்கயே இருக்கட்டும்."

வழியா இல்லை என்று நினைத்தேன். பத்து வயதில் எல்லாவற்றுக்கும் வழி இருக்கும். கதவைச் சாத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர்க் கதவுகளைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். சாரல் காலத்தில் மரம் ஊறிப் பருத்து, கதவு நிலைக்குள் போய் உட்காராது. அப்பா தோளைக் கொடுத்து முட்டி ஒருநாள் சாத்தினார். அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாள். துணி வாங்க வந்த அம்மாள் ஒருவர் வெளியிலிருந்து இழுக்க, அப்பா கீழே நெம்ப, பிரசவம் பார்த்த மாதிரி அவளை வெளியே எடுத்தோம். வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்திப் பார்த்தார். கருப்பாயி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, நல்ல இடம் என்பதுபோல் முகத்தைக் கழுவியது. பூனைக்கு ஆரஞ்சுத் தோல் ஆகாது என்று யாரோ சொல்ல, வாசல் நெடுகப் போட்டேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே தாண்டிப் போயின. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரெல்லாம் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கட்டியது நான்தான். அதனால் கண்ட பலன், பூசைக்கு வருகிற மாதிரி மணியோசையோடு வந்தன. புதன்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கு நடுவில் மூன்றே நாள்தான் மிச்சம்.

வியாழக்கிழமை நல்ல மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். மேகம் இறங்கி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது, பேரிமரம்கூடத் தெரியவில்லை. அம்மா பல்பைப் போட்டு வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட எழுந்தவள், "ஏ புள்ள, எங்க ரெண்டையும் இன்னைக்குக் காணோம்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இரண்டும் விடிந்ததிலிருந்து அடுப்பங்கரையை விட்டு அசையவே இல்லை. கண்ணாடி ரூம் விரியத் திறந்து கிடந்தது. நூல்கண்டு அங்கேதான் இருந்தது, துணியும் இருந்தது, மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெயில்தான் இல்லை.

மறுநாள் வெயில் அடித்தது, மணி சத்தமும் கேட்டது. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: அதுகளுக்கு நூலும் வேண்டாம் துணியும் வேண்டாம், காய்வதற்கு வெயில்தான் வேண்டும், காய வந்த இடத்தில் நூல் கிடந்தால் விளையாடுகின்றன, அவ்வளவுதான். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே பேரிமரத்தைப் பார்த்தாள்.

"வெயில் வர வேண்டிய சன்னல் இன்னும் ஒன்னு இந்த வீட்ல இருக்கு" என்றாள். "உங்கப்பா அதுக்கு மரத்தப் போட்டு மூடி வச்சிருக்காரு."

காய்கறியும் விறகும் போட்டு வைக்கிற ஓரத்து அறையின் ஜன்னலைத்தான் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறைக்கு வெளிச்சம் வேண்டும், ஒரு கிளையையாவது வெட்டுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்பா மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார், வெட்டவும் மாட்டார். தானே வைத்து வளர்த்த மரம். காயைப் பறிப்பதற்குக்கூட இலை நோகாமல் ஏறுவார். ஒட்டுண்ணி படர்ந்தால் நகத்தால் சுரண்டி எடுப்பார். அவரிடம் போய் வெட்டச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. அம்மாதான் சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து போய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டாணி அவர் காலுக்குள் புகுந்து புகுந்து கூடவே நடந்தது.

சனிக்கிழமை வெள்ளனே ரம்பம் ஓடுகிற சத்தத்தில் கண் விழித்தேன். காய்த்துக் குலுங்கிய பெரிய கிளை ஒன்று காயோடு தரையில் கிடந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெட்டின இடத்தில் சாணியைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

"யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அம்மா. "கட்டுன பொண்டாட்டிக்குத்தான் அந்தக் காலம் வரல."

"வெரசா சன்னலத் தொடச்சு வையி, பேசிக்கிட்டு நிக்காம" என்றார் அப்பா.

அன்றைக்கே இழைப்புளி வாங்கி வந்து கண்ணாடி ரூம் கதவின் ஓரத்தை இழைத்துவிட்டார். கதவு நிலைக்குள் பதமாகப் போய் உட்கார்ந்தது. அம்மா கோட்டுத் துணியின் வெட்டுத்துண்டுகளைத் திணித்து ஒரு மெத்தை தைத்து, புதிதாக வெளிச்சம் விழுந்த ஜன்னல் திண்டில் போட்டாள். நூல் நுனி ஒன்றுகூட வெளியே தெரியாமல் நாலு ஓரத்தையும் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். பூனைகள் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. சாத்திய கதவின் முன்னால் உட்கார்ந்து பொழுது சாயும்வரை கத்தித் தீர்த்தன. அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் கை ஓடவில்லை. "நாளைக்கும் இதே கதைன்னா அனுப்பித்தான் ஆகணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மேகம். மாமா இரண்டு மூங்கில் கூடைகளோடு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் காலடியில் பூனைகள் இரண்டும் சுருண்டு கிடந்தன. "சாதுவா இருக்குதுகளேக்கா, கூடைக்குள்ள போட்டாப் பேசாம வந்துரும்" என்றார். நான் பூனைகளைப் பார்க்கவில்லை. கூடைகளின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது டம்ளர் கேட்டபோது வெளியே வெளுத்தது. கருப்பாயி எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, நேராகக் கண்ணாடி ரூமுக்கு நடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கதவின் முன்னால் உட்கார்ந்தது, ஒருமுறை கத்தியது. அப்புறம் என்ன நினைத்ததோ, தலையைத் திருப்பி, ஓரத்து அறையிலிருந்து தரையில் நீண்டு விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தது. எழுந்து அந்த வெளிச்சத்தின் மேலேயே நடந்து போய், திண்டில் ஏறி, மெத்தையைக் காலால் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்துவிட்டுப் படுத்தது. பட்டாணி மணி அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

அம்மா அறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "எலிக்கு வேற வழி பாருடா தம்பி" என்றாள். வந்த கூடையை வெறுங்கூடையாகத் திருப்பி அனுப்பக் கூடாதென்று, வெட்டின கிளையில் இருந்த பேரிக்காயையெல்லாம் ஆய்ந்து இரண்டையும் நிரப்பிக் கொடுத்தாள். பூனை வாங்க வந்தவர் பேரிக்காயோடு போனார். சந்தோஷத்தில் எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. அந்த வாரம் நான் அழுத அழுகைகளில் அது ஒன்றைத்தான் யாரும் கேலி செய்யவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டின் சட்டம் மாறவே இல்லை. மெஷின் ஓடினாலும் நின்றாலும் கதவு சாத்தியிருக்க வேண்டும். நூல்கண்டெல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். எழுந்திருக்கும்முன் பழைய ரேடியோவின் காந்தத்தைத் தரையில் ஓட்டி, சிந்திய குண்டூசிகளைப் பொறுக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

இப்போது நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன், விடுமுறைக்குத்தான் மேலே போகிறேன். கருப்பாயி போய்விட்டது, நிறைய வருடம் வாழ்ந்துவிட்டுப் பட்டாணியும் போய்விட்டது. அந்த ஜன்னல் திண்டில் இப்போது வேறொரு பூனையும் அதன் குட்டியும் படுக்கின்றன. எங்கள் வாசலுக்கு எதிரே முட்டைக்கோஸ் போட்டிருந்த காட்டில் நாலு மாடி லாட்ஜ் ஒன்று எழும்பி நிற்கிறது. கண்ணாடி ரூமின் மூன்று பக்கமும் இப்போது அதன் சுவரும் தண்ணீர்க் குழாய்களும்தான் தெரிகின்றன. அந்த அறைக்கு வெயில் வந்து வெகுகாலம் ஆகிறது. லாட்ஜின் நிழல் எட்டாமல் வீட்டில் மிச்சமிருக்கிற வெயில், பேரிமரத்து ஜன்னலில் விழுகிற அது ஒன்றுதான். வருடா வருடம் துளிர்த்து மூட வருகிற கிளையை, முணுமுணுத்துக்கொண்டே அப்பா இன்றைக்கும் கழித்துவிடுகிறார்.

அம்மா இன்னும் தைக்கிறாள், டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு. போன முறை போனபோது, மெஷினை அந்த ஜன்னலுக்கு மாற்றிவிடலாமே, பூனைகளை வேறு எங்காவது படுக்கப் பழக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது அதுக எடம்ல. குடுத்துட்டு எப்புடித் திருப்பிக் கேக்குறது?" என்றாள்.

பத்து மணிக்கு மெஷினை நிறுத்தினாள். கண்ணாடி ரூம் கதவைச் சாத்தி, தள்ளிப் பார்த்து, வெயில் காய ஜன்னலுக்கு வந்தாள். இப்போதிருக்கிற இரண்டு பூனைகளும் அவளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து படுத்தன. உட்காரும் முன் முந்தானையை ஒருமுறை உதறினாள். தோளிலிருந்து மடிவரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவி, ஊசி எதுவும் தன்னோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் குட்டியை மடியில் எடுத்தாள்.