தபால்காரனின் முழங்கால்

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். பிராண்டேக்குப் போகும் பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அந்த இடத்தைத் தவறவிட்டுவிடலாம். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு தபாற்கந்தோர், ஒரு உதைபந்தாட்ட மைதானம், அவ்வளவுதான். நாங்கள் ஐந்து பேர் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஐவரும் யாழ்ப்பாணம், மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கர். எங்கள் ஊர்களில் ஞானஸ்நானம் முடிந்த கையோடு பிள்ளையின் காலடியில் பந்தைப் போட்டுவிடுவார்கள். ஆகவே அந்த நகரத்தில் நாங்கள் முதலில் கண்டுபிடித்தது மைதானத்தைத்தான். மொழிப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று பிறகுதான் விசாரித்தோம்.

அந்த நகரத்துக் கழகத்தில் ஒருவன் ஆடினான். முப்பத்தொரு வயது. நடு மைதானத்தில் நிற்பான். அதிகம் ஓட மாட்டான். பந்து அவனிடம் வந்தால், மற்றப் பத்துப் பேரும் எங்கே ஓட வேண்டும் என்பதை அவனுடைய இடது கால் முடிவு செய்யும். எங்கள் ஊர் ஆட்டக்காரர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒரு வெள்ளைக்காரனைச் சும்மா புகழுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அவனைப் பார்த்த முதல் நாளே வாயை மூடிக்கொண்டேன்.

கிழமையின் மற்ற ஆறு நாட்களும் அவன் எங்கள் தபால்காரன். அங்கே சின்னக் கழகங்களில் பந்தாடிச் சாப்பிட முடியாது. என் மனைவி அப்போது ஊரில் இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் எந்த மேசையில் கிடந்தன என்று கடவுளுக்கும் டேனிஷ் அரசாங்கத்துக்கும்தான் வெளிச்சம். ஆறு நாளும் அவனுடைய சைக்கிள் மணிக்காகக் காது கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும், அவன் ஆடும் அந்த இரண்டு மணி நேரம், எனக்குக் கடிதமும் இல்லை, சண்டையும் இல்லை, ஊரும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் மிச்ச நாட்களை ஓட்டினேன். இதைக் கூச்சமில்லாமலே சொல்கிறேன்.

செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. வலது முழங்கால் பழுதாகிவிட்டதாம். இந்தப் பருவத்தோடு அவன் ஆட்டத்தை விடுகிறானாம். அந்தப் பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டவனும் அவனேதான்.

ஊர் செத்த வீடாகிவிட்டது. பேக்கரிக்காரர்தான் கழகத் தலைவர். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அவனுடைய படத்தின் ஓரத்தில் கறுப்பு நாடா கட்டினார். தலைமயிர் வெட்டும் அம்மா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாராம். எங்களில் ஒருவன் பாதி வெட்டிய தலையோடு அரை மணி நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தான். ஆனால் ஒருவரும் அவனுடைய முகத்துக்கு நேரே, ஆட்டத்தை விடாதே என்று சொல்லவில்லை. டேனிஷ்காரருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் துண்டுக் கடிதம் எழுதித் தங்கள் தபால் பெட்டியிலேயே வைத்தார்கள். அவன் கடிதம் போடப் போனால் உள்ளே அவனுக்கு ஒன்று காத்திருக்கும், முத்திரை இல்லாமல். இன்னும் ஒரே ஒரு பருவம், தயவு செய்து. சிலர் அதற்கும் மேலே போனார்கள். அவன் அதிகம் நடக்கக்கூடாதென்று வாசலில் இருந்த தபால் பெட்டியைக் கழற்றி, தெருவோரத்தில் தடி நட்டுப் பூட்டினார்கள். எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டார் அப்படிச் செய்தார்கள்.

நாங்கள் துண்டு எழுதவில்லை. எங்கள் டேனிஷுக்கு அது கட்டாது. மற்றது, முழங்கால் பழுதென்றால் முழங்காலைத் திருத்துவதுதானே முறை? எங்கள் வீட்டில் மூத்தவர் ஒரு மன்னார்க்காரர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்போம். அவருடைய தகப்பன் ஒடிவு முறிவுப் பரியாரி. அவர்கள் வீட்டில் காய்ச்சுகிற முறிவெண்ணெயைப் பூசினால், பனையால் விழுந்தவனும் எழும்பி நடப்பான் என்பது பெரியண்ணையின் வேதவாக்கு. லண்டனில் இருந்த அவருடைய தங்கையிடம் இரண்டு போத்தல் இருந்தது. உடனே கடிதம் பறந்தது.

பார்சலும் வந்தது. கொண்டுவந்தவனும் அவன்தான். வழியில் ஒரு போத்தல் மூடி இளகி, அன்றைக்கு நகரம் முழுவதற்கும் போன தபாலில் எங்கள் எண்ணெய் மணந்தது. பெரியண்ணை அவனை விடவில்லை. தோளைப் பிடித்துக் குசினிக் கதிரையில் இருத்தி, காற்சட்டையைச் சுருட்டச் சொன்னார். அவன் எவ்வளவோ மறுத்துப் பார்த்தான். டேனிஷ்காரன் மூன்று தரம் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களிடத்தில் மூன்று தரம் மறுப்பது மரியாதை; நாலாவது தரம் வற்புறுத்தாதவன்தான் மரியாதை கெட்டவன்.

கடைசியில் அவன் சுருட்டினான், இடது காலை.

“வலது எண்டெல்லோ பேப்பரிலை கிடந்தது?” என்றார் பெரியண்ணை.

நான் அதை மொழிபெயர்த்தேன். அவனுடைய காது சிவந்தது. அவசரமாக மற்றக் காலையும் சுருட்டினான். பெரியண்ணைக்குச் சந்தேகமே வரவில்லை. பாவம், இரண்டும் பழுது என்று சொல்லி இரண்டுக்கும் பூசினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் அவனுக்கு எங்கள் குசினியில் எண்ணெய்ப் பூச்சும் தேத்தண்ணியும் நடந்தது.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. என்னுடைய முழங்கால் இருபத்திரண்டு வயதில் ஒரு கோல் கம்பத்தில் மோதிப் போனது. நோகிற முழங்கால் எப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். திங்கட்கிழமை வலது காலை இழுத்தான், செவ்வாய்க்கிழமை இடது காலை. புதன்கிழமை ஒரு நாய் துரத்தியபோது இரண்டு காலாலும் வேலி பாய்ந்தான்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டுப் படலையில் காத்து நின்று கேட்டேவிட்டேன். அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு டேனிஷில் சொன்னான். அதை என் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

“முழங்காலிலை ஒண்டுமில்லை. எனக்கு அலுத்துப்போச்சு.”

பதினாலு வருடமாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டத்துக்கு முதல் பயத்தில் சத்தி எடுப்பானாம். திங்கட்கிழமை தபால் கொண்டுபோனால் ஒவ்வொரு வாசலிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு விசாரணை. வென்றால் பேக்கரியில் இனிப்புப் பாண் சும்மா கிடைக்கும். தோற்றால் பேக்கரிக்காரர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். அலுத்துவிட்டது என்று சொன்னால் இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்காது, முழங்கால் என்றால் எல்லோருக்கும் விளங்கும், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்றான். அந்தத் தெருவோரத் தபால் பெட்டிகளைக் காணக் காண வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ஒன்றுமே செய்யாமல் இருக்கப் போகிறேன் என்றான். அதைச் சொல்லும்போது அவனுடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முதல் நான் கண்டதில்லை, கோல் அடித்த நாட்களில்கூட.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அப்படிக் கால் உள்ள ஒருவன் எங்கள் ஊரில் அலுத்துவிட்டது என்று சொன்னால், கோல் கம்பத்தோடு கட்டி வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஆண்டவன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? அவனுடைய ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு என்றால், என்னுடைய இரண்டு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. ஆனால் ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. அவன் நம்பிச் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

ஒக்டோபர் முடிவில் கடைசி ஆட்டம். மழை. இரண்டு பக்கமும் ஒரு கோல். முழங்காலை நினைத்து அவனைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் இறக்கினார்கள். ஊரே எழுந்து கைதட்டியது. அவனும் பாவம், கொஞ்சம் நொண்டிப் பார்த்தான். வந்த முதல் பந்தை மெதுவாகப் பக்கத்தில் தட்டிவிட்டான். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது பந்து காற்றில் வந்தது. அதை அவன் என்ன செய்வான்? நெஞ்சில் வாங்கினான், பழுதான வலது காலை ஊன்றிச் சுழன்றான், இடது காலால் பந்தை மைதானத்தின் குறுக்கே கடத்திவிட்டான். பந்து ஓடி வந்தவனுடைய காலில் போய் விழுந்தது. கோல். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

என்னைவிடப் பலமாகக் கத்தியவர் பெரியண்ணை. “எண்ணெய், எண்ணெய்” என்று தமிழில் கத்திக்கொண்டு, அரைப் போத்தலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கழக வீட்டுக்குள் ஓடினார். நடந்ததைக் கைச்சாடையில் சொன்னார்: போத்தல், முழங்கால், சுழற்சி. டேனிஷ் தெரியாத மனிதர் சொன்னதை அங்கே இருந்த எல்லோரும் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். விட்டுப் போக நினைத்தவனை நாங்கள் சுகப்படுத்திவிட்டோம்.

பேக்கரிக்காரர் என்னிடம் வந்தார். ஐந்து பேரிலும் கொஞ்சம் டேனிஷ் கதைக்கக் கூடியவன் நான்தான். இந்த எண்ணெய் உண்மையாகவே வேலை செய்கிறதா, அடுத்த பருவத்துக்கும் தாங்குமா என்று கேட்டார். எத்தனை போத்தல் வேண்டுமானாலும் கழகம் எடுப்பிக்குமாம். கோப்பிக் கோப்பைகள் கையில் நிற்க எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூலையில் கிடந்த வாங்கில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு அவன் இருந்தான். துவாய்க்குக் கீழே இருந்து அவனும் என்னைத்தான் பார்த்தான்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரே போத்தலோடு அவனுடைய வாசலில் நிற்கும்; இந்த ஊருக்கு மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. என்னுடைய ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்கும். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது.

“ஒரு நாளைக்குத்தான் வேலை செய்யும்,” என்றேன். “அடுத்த நாள் முழங்கால் இன்னும் மோசமாகும்.”

சொல்லத் தொடங்கினால் பிறகு எனக்கு நிற்காது. எங்கள் ஊரில் ஒரு கோல் காப்பாளர் இந்த எண்ணெயை நம்பித் தொடர்ந்து ஆடி, இப்போது கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடக்கிறார் என்று ஒரு கதையும் கட்டினேன். பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அறையே பெருமூச்சு விட்டது. பெரியண்ணை என் கையைப் பிடித்து, “என்னவாம்?” என்று கேட்டார். எண்ணெயை மெச்சுகிறார்கள் அண்ணை என்று அவருக்கும் ஒரு பொய் சொன்னேன். மெச்சுகிறவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அவர் கேட்டார்.

எண்ணெயைப் பற்றி நான் சொன்னது இரண்டு நாளில் அவருடைய காதுக்குப் போனது. தகப்பனுடைய மருந்தை ஊர் நடுவே வைத்து அவமானப்படுத்திவிட்டாய் என்று அவர் என்னோடு கதைப்பதையே விட்டார். அவருடைய சமையல் முறை வந்த நாட்களில் என் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் உறைப்புக் கூடியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு விளக்க முடியாது. விளக்கினால் அவன் அகப்பட்டுவிடுவான். தண்ணீரைக் குடித்துக்கொண்டு சாப்பிட்டேன். நல்ல காலம், தலைமயிர் வெட்டும் அம்மா வந்து கதவைத் தட்டினார். அவர்களுக்கு வெள்ளி விழாக் கல்யாண நாளாம், புருஷனோடு ஆட வேண்டுமாம், முழங்கால் ஒரு நாளைக்கு வேலை செய்தால் போதுமாம். அதற்குப் பிறகு பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒருவர், வேட்டைக்குப் போக ஒருவர். அந்த மாரி முழுவதும் எங்கள் குசினியில் டேனிஷ் முழங்கால்கள் வரிசையாக இருந்தன. பெரியண்ணை மறுபடியும் என்னோடு கதைக்கத் தொடங்கினார்.

ஏப்ரலில் புதுப் பருவம் தொடங்கியது. நான் போனேன். இடைவேளைக்கு முதலே மூன்று கோல் வாங்கிவிட்டோம். நடு மைதானத்தில் ஒரு நெட்டையன் நின்றான். பந்து அவனிடம் வந்தால் அவனுக்கே அதிர்ச்சி. எனக்குக் கடிதம் ஞாபகம் வந்தது, சண்டை ஞாபகம் வந்தது, ஊர் முழுக்க வந்து என் பக்கத்தில் குந்தியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர், அந்த எண்ணெய் இரண்டு நாளாவது தாங்கியிருக்கலாம் என்றார்.

அப்போது எங்கள் பின்காவலன் அடித்த பந்து வேலிக்கு மேலால் பறந்து தெருவில் விழுந்தது. தெருவில் அவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். பந்து உருண்டு போய் அவனுடைய சில்லுக்கு முன்னால் நின்றது. முழு மைதானமும் வேலிப் பக்கம் திரும்பியது. அவன் இறங்கினான், சைக்கிளை வேலியில் சாத்தினான். பந்தைப் பார்த்தான். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கி, பார்சல் கொடுப்பது மாதிரி வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறினான். போகும்போது விசிலடித்துக்கொண்டு போனான்.

“பாவம்,” என்றார் பேக்கரிக்காரர். “முழங்கால்.”

நான் ஓம் என்றேன். பிறகு, மூன்று கோல் வாங்கி நிற்கிற கழகத்தின் ஆதரவாளர்களுக்கு நடுவில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.