ஏழாம் நம்பர் மலையைத் தோட்டந்தோட்டமாக ஓட்டியவர்

புதன்கிழமை காலை அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் உபதேசியார் உள்ளே வந்து, ஈரக் குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, மரண அறிவித்தல் ஒன்று அடிக்க வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன்.

"நம்ம ஆப்பரேட்டருக்குத்தாங்க. விடியக்காலம் ஆஸ்பத்திரியில போயிட்டாரு."

கையிலிருந்த எழுத்துகள் அப்படியே கொட்டிவிட்டன. ஹட்டனில் ஆப்பரேட்டர் என்று சொன்னால் ஒருவர்தான். தியேட்டரில் படம் ஓட்டிய மரியதாஸ் அவர்கள். அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நம் தோட்டத்துச் சனங்களையே நடிக்கவைத்து, நம் மலையிலேயே ஒரு படம் எடுத்தவர். அதை வாங்க ஆளில்லாமல் போனபோது தாமே சுமந்துபோய் ஓட்டிக் காட்டியவர். தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இருப்புக்கொள்வதில்லை. அஞ்சலிக் கட்டுரையில் இவ்வளவு உற்சாகமா என்று யாராவது முகம் சுளித்தால், குற்றம் அவருடையது.

அறிவித்தலில் என்ன போடுவது என்று உபதேசியாருக்குத் தெரியவில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று அடுக்குவதுதான் வழக்கம். இவருக்கு யாரைப் போடுவது? குடியுரிமை இல்லையென்று ஆன காலத்தில் தாய், தகப்பன், அண்ணன் எல்லோரும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். தியேட்டர் வேலையை விட மனமில்லாமல் இவர் மட்டும் நின்றுவிட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "வேலை நாளு வேற. அடக்கத்துக்கு யாருங்க வரப்போறாங்க?" என்றார் உபதேசியார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

எங்கள் பழக்கம் நோட்டீஸில் தொடங்கியது. வாராவாரம் தியேட்டர் நோட்டீஸை வாங்கிப்போக அவர்தான் வருவார். மை காய்வதற்குள் எடுத்து, "அண்ணே, இந்த வரியில ஆளு சிரிக்கமாட்டாங்க, மாத்துங்க" என்பார். படம் ஓட்டுகிறவருக்கு நோட்டீஸில் என்ன வேலை என்று எனக்குக் கோபம் வரும். மாற்றிய வாரம் கூட்டம் கூடியதும் அந்தக் கோபம் போய்விடும்.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து பழைய சினிமா கேமரா ஒன்று அவர் கைக்கு வந்தது. அன்றைக்கு அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார். றொசல்லப் பக்கம், தாம் பிறந்த தோட்டத்திலேயே படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி, தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கங்காணியோடு மல்லுக்கு நிற்கிறாள். இதுதான் கதை. பெயர், அவள் கொழுந்து எடுக்கிற தேயிலை மலையின் நம்பரை வைத்து, 'ஏழாம் நம்பர் மலை'. இளவரசி இல்லையா, கத்திச்சண்டை இல்லையா என்று கேட்டேன். "கங்காணி இருக்காரில்லண்ணே" என்றார்.

படப்பிடிப்பு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் போவோம். கேமராவைத் தூக்கி வைத்ததும் பனி இறங்கி மலையை மூடிவிடும். தேநீர் வைத்துக் குடித்துக்கொண்டு காத்திருப்போம். கதாநாயகியாக நடித்த வீராயி நிஜத்திலும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்து, அந்த மலையில்தான் கொழுந்து எடுத்தார். முகத்தில் சோகம் காட்டச் சொன்னால் காட்டமாட்டார். வேலையைச் செய்யச் சொன்னால் போதும், எல்லாம் முகத்தில் வந்துவிடும். குரல் சேர்ப்பதற்கு எல்லோரையும் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். சம்பளத்தையெல்லாம் படச்சுருளுக்கே கொடுத்தார்; வருஷக்கணக்கில் அவர் புதுச்சட்டை போட்டு நான் பார்க்கவில்லை.

படம் முடிந்தது. கொழும்பில் இந்தியப் படங்களை வரவழைத்துத் தியேட்டர்களுக்குக் கொடுக்கிற ஒரு முதலாளியிடம் பெட்டியோடு போனோம். பாதிப் படத்திலேயே விளக்கைப் போடச் சொல்லிவிட்டார். தினம் தினம் பார்க்கிற சனத்தைக் காசு கொடுத்து எவன் பார்ப்பான் என்று கேட்டார். திரும்பும் ரயிலில் நான் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மரியதாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டவளை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அவரு சொல்றது சரிதாண்ணே. தியேட்டருக்கு வந்து பார்க்கமாட்டாங்க. நாம கொண்டுபோவோம்."

முதல் காட்சியை அதே தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வைப்பதாக முடிவாயிற்று. பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி, காற்றாடியால் வாடவைக்கிற நீண்ட மாடி அது. ஞாயிறென்றால் காலியாகக் கிடக்கும். நோட்டீஸில் மரியதாஸ் தம் பெயரைப் போடவிடவில்லை. வீராயியில் தொடங்கி, கூடை தூக்கிப் போகிற பெண்வரை நடித்தவர் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்றார். இடம் போதாது என்றேன்.

"ஒரு பேரு ஒரு லயத்தையே கூட்டிட்டு வரும்ணே. எம் பேரைப் போட்டா யாரு வருவா? எனக்கு எந்த லயத்துல ஆளு இருக்கு?"

வியாபாரம் பேசுகிற மாதிரிதான் சொன்னார். நான் பெரிய எழுத்துகளை எடுக்கத் தொடங்கினேன்.

நோட்டீஸ் வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தப்படிக்கிற பழனியையும் ஏற்பாடு செய்தார். லயத்தில் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் வரவேண்டும், அப்படி அடியுங்கள் என்றார். பழனி சொன்ன சொல் தவறாதவர். எல்லோரையும் வெளியே கொண்டுவருகிற அடி அவருக்குத் தெரிந்து ஒன்றுதான்: தினம் விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டு அடி. ஞாயிறு காலையில் அதைப் பிளந்துகட்டிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டமே பெரட்டுக்களத்தில் நின்றது. ஞாயிறில், அன்றைக்கே கொடுக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்குமாக வரிசை கட்டியிருந்தார்கள். கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுகிற கணக்கப்பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்தபடி ஓடிவந்தார். பின்னாலேயே தோட்டத்து மேலாளரான துரை ஜீப்பில் வந்து இறங்கினார். யார் பெரட்டு அடிக்கச் சொன்னது என்று கத்தினார். மரியதாஸ் முன்னால் போய், நான்தான் என்றார். துரை அவரை ஒரு பார்வையும், வரிசையை ஒரு பார்வையும் பார்த்தார். பறிக்க வேண்டிய கொழுந்து மண்டி ஏறிக் கிடந்த காலம். வந்தது வந்தாயிற்று, மலைக்குப் போகட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பார்க்க வரவேண்டியவர்களெல்லாம் மலைக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் கொழுந்து வந்தால் மாடியும் நிறைந்துவிடும். போதாக்குறைக்கு, கல்யாண வீடுகளுக்கு விளக்குப் போடுகிறவரிடம் மின்சாரத்துக்காக வாடகைக்குப் பேசியிருந்த எஞ்சின் வழியில் முறிந்து நின்றுவிட்டதென்று ஆள் வந்து சொன்னான். மரியதாஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமலே போய்விடுவார்கள் என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் கொழுந்து இறங்கியது. அதை வாடவைக்கக் காற்றாடி வேண்டும், காற்றாடிக்கு மின்சாரம் வேண்டும். தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் கீழே போய்த் தொழிற்சாலையின் பெரிய எஞ்சினை இயக்கினார். மாடியில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மரியதாஸ் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரே ஓட்டமாகத் துரை பங்களாவுக்கு ஓடினார். சாதாரண ஞாயிறாக இருந்திருந்தால் அந்த எஞ்சின் ஓடியிருக்குமா? பழனி தவறாக அடித்த அடி எங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்திருந்தது!

துரை கடைசியில் சிரித்துவிட்டாராம். மாடியின் ஒரு கோடியையும் கொஞ்சம் மின்சாரத்தையும் கொடுத்தார். "கொழுந்தை மிதிச்சா நான் உன்னை மிதிப்பேன்" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினார்.

ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தோம். வேலை முடித்து வந்த சனம் தட்டுகளுக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்தது. படம் தொடங்கியது. காற்றாடியை நிறுத்த டீமேக்கர் ஒப்பவில்லை; வெள்ளைத்துணி உப்பி உப்பி அடங்கியது. துணியில் ஏழாம் நம்பர் மலையே காற்றில் அசைகிற மாதிரி இருந்தது. வீராயி கொழுந்து எடுக்கிறார், சுற்றிலும் பச்சைக் கொழுந்து வாசனை. தராசில் கணக்கப்பிள்ளை விரலை அழுத்துகிற காட்சி வந்ததும் மாடியே அதிர்ந்தது. நிஜக் கணக்கப்பிள்ளை முன்வரிசையில்தான் இருந்தார். பாவம், எழுந்து போகவும் வழியில்லை. வீராயி துணியில் தெரிந்த தம்மையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் யாரும் எழும்பவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினோம். என் வாழ்நாளில் அப்படியொரு ஞாயிறு வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் கால் தரையில் நிற்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஆள் வந்தது, நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தது. தியேட்டரில் லீவு கிடைத்த நாளெல்லாம் பெட்டியும் கையுமாகப் புறப்பட்டார். நோட்டீஸ் கட்டுகளை பஸ் கண்டக்டர்கள் தோட்டத்துச் சந்திகளில் இறக்கிக் கொடுத்தார்கள். ஒரு பிரதிதான் இருந்தது. அது கீறி, ஒட்டி, மறுபடி கீறியது. கவலைப்பட்டேன். "கீறல் இருந்தா என்னண்ணே, ஓடுன படம்னு தெரியுமில்ல" என்றார். கொழும்பு முதலாளி ஆளனுப்பினார்: இரண்டு நடனம் சேர்த்தால் படத்தை எடுத்துக்கொள்வாராம். நேரமில்லை, தோட்டங்களுக்குத் தேதி கொடுத்திருக்கிறேன் என்று மரியதாஸ் மிகப் பணிவாகச் சொல்லியனுப்பினார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எழுத்துப் பெட்டியே கவிழ்ந்தது.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதும் அடுத்த படத்துக்கு நோட்டீஸ் எப்படி அடிப்பது என்றுதான் பேசினார். கதையை இன்னும் யோசிக்கவில்லையாம்.

புதன்கிழமை உபதேசியார் காத்திருக்க, அறிவித்தலைக் கோத்தேன். மகன், கணவர், மைத்துனர் ஒன்றும் இல்லை. படத்தின் பெயருக்கு வைக்கிற பெரிய மர எழுத்தில் 'மரியதாஸ்' என்று வைத்தேன். கீழே, வியாழன் மாலை அடக்கம் என்று ஒரு வரி. அவர் பெயரை நான் அச்சடித்தது அதுவே முதல் தடவை. அதே பஸ்களில், அதே கண்டக்டர்களிடம் கொடுத்தனுப்பினேன்.

நேற்று மாலை கல்லறைத் தோட்டத்து வாசலில் நானும் உபதேசியாரும் நின்றோம். முதலில் றொசல்ல ரயிலில் வந்த கூட்டத்தோடு வீராயி வந்தார். பிறகு நோட்டன் பிரிட்ஜ் பஸ் வந்தது. அரைநாள் கூலியான அரைநேரப் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்த பெண்கள் பாதையை அடைத்தார்கள். தியேட்டர் கொள்ளாத கூட்டம். பழனி கக்கத்தில் தப்போடு நின்றார். அடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்குங்க? அதான் எல்லாரும் வந்துட்டாங்களே" என்றார்.

மரியதாஸ் அவர்களே, எந்த லயத்தில் ஆள் இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒரே ஒரு பெயர்தான் போட்டேன். எல்லா லயமும் வந்தது. போய் வாருங்கள்.