ரம்பத்தால் அறுத்த ஆயில் ஃபில்டர்

ஊரின் வடகோடியில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் மெக்கானிக். ஊரின் மறுபக்கம் என் வீடு இருக்கும் ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அந்த எரிச்சலில்தான் அன்று வேலையைத் தொடங்கினேன்.

சின்ன விமானத்தின் இன்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி. அதிலுள்ள ஆயிலைப் பம்பு இழுத்து, ஃபில்டர் வழியாக உள்ளே சுழலும் பாகங்களுக்கெல்லாம் அனுப்பும். ஆயில் சொட்டிச் சொட்டி மறுபடி தொட்டிக்கே வரும். உள்ளே ஏதாவது தேய்ந்தால் அந்தத் தூள் ஃபில்டர் காகிதத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரின் இரும்பு டப்பாவை வெட்டி, காகிதத்தை விரித்துப் பார்ப்போம். தூள் விழாமல் வெட்ட அதற்கென்றே ஒரு கட்டர் உண்டு.

அதை எவனோ எங்கேயோ வைத்துத் தொலைத்திருந்தான். தேடித் தேடிக் கடுப்பாகி, ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டேன். காகிதத்தை விரித்தால் மினுமினுவென்று இரும்புத் துகள்! ரம்பத் தூளா, இன்ஜின் தேய்ந்த தூளா? இரண்டுமே காந்தத்தில் ஒட்டும், பிரித்தறிய முடியாது.

மறுநாள் காலை அந்த விமானத்தில்தான் ஒரு மாணவிக்கு லைசென்ஸ் தேர்வு. ஈரோட்டுப் பெண். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க அறுத்த தூள்தானேண்ணா அது? தொடச்சிட்டு விட்டுடலாமே, ப்ளீஸ்ணா.”

ஆமாம் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. பாவமாக இருந்தது.

“தெரியலம்மா. தெரியாம உன்னை மேல அனுப்ப மாட்டேன்.”

தலைமை இன்ஜினியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “என்ன குரு, புத்தி இருக்கா உனக்கு?” என்று வறுத்தெடுத்தார். புது ஃபில்டர் போட்டு, தரையிலேயே இன்ஜினை ஓட்டி, அதையும் வெட்டிப் பார்க்கச் சொன்னார். வேறு விமானம் எதுவும் காலியில்லை. தேர்வு தள்ளிப்போனது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் மதியம், ஒருவழியாகக் கிடைத்த கட்டரால் புது ஃபில்டரை வெட்டினேன். ஒரு துகள்கூட இல்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்போ காலைல நான் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது?”

“ஆகியிருக்காதும்மா. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

சாயங்காலம் பயிற்சிக்காக அதே விமானத்தருகே வந்தாள். பறக்கலாம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் அவள் கையில் இருந்தது. இருந்தும் ஏறாமல் நின்று என்னைப் பார்த்தாள்.

“ஏறலாமாண்ணா?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “தாராளமா ஏறும்மா,” என்றேன்.