மாமா வேலை பார்த்த தீவு

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு உண்டு. ஏரியை ஒட்டிய ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த என் அத்தைக்குத் தீவு என்றால் அதுதான். மாமா சுமத்ரா தீவில் ஒரு பாமாயில் ஆலைக்கு மெக்கானிக்காகக் கிளம்பியபோது, "தூக்கத்துல உருண்டா தண்ணில விழுந்துட மாட்டீங்களே?" என்று கேட்டாள். பாதி கேலி, பாதி நிஜமான பயம்.

போன் பண்ணும்போதெல்லாம் மாமா அந்தத் தீவைப் பற்றியே பேசுவார். மேற்குக் கரையை ஒட்டி நெடுக மலை, நடுநடுவே புகையும் எரிமலைகள். கிழக்கே சேறும் சதுப்புமாகச் சமவெளி, காவிரியைவிட அகலமான கலங்கல் ஆறுகள், வருஷம் முழுக்க மழை. அத்தை எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்பாள்.

2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை, சுமத்ராவில் கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். மாமாவுக்கு லைன் கிடைக்கவே இல்லை. அத்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. நான் என் பழைய அட்லஸைக் கொண்டுவந்து காட்டினேன். தலையைக் கன்னியாகுமரியில் வைத்துப் படுத்தால் கால் போபாலைத் தொடும், அவ்வளவு நீளமான தீவு. கடல் ஏறியது மேற்குப் பக்கம், மாமாவின் ஆலை மலைக்குக் கிழக்கே.

"படத்துல எல்லாம் பெருசாத்தான் இருக்கும்" என்றாள் அத்தை.

எனக்கும் உள்ளூர உதறல்தான். லீவு நாளாயிற்றே, மாமா கடற்கரைப் பக்கம் எங்காவது போயிருந்தால்?

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. ஆலைச் சத்தத்தில் பேசிப் பழகிய மாமாவின் குரல், ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"கடலா? இங்க வந்ததுல இருந்து நான் கடலையே பாக்கல. அந்தப் பக்கம் போகணும்னா மலை ஏறி இறங்கணும், பஸ்ல ஒரு நாள் முழுக்க ஆகும். இங்க தரை கொஞ்சம் ஆடிச்சு, அவ்ளோதான். பாவம், தீவோட வடக்கு முனையில இருந்த ஜனங்கதான்..."

"அதைச் சொல்ல நேத்தே ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"ஒண்ணும் ஆகலையே, எதுக்குன்னு இருந்துட்டேன்."

அத்தை திட்ட ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

மாமா திரும்பி வந்து பல வருஷம் ஆகிறது. போன வாரம் அவர்களோடு ஏரியைச் சுற்றி நடந்தேன். அந்தத் திட்டைக் கண்டதும் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அங்க மலைமேல ஒரு ஏரி, அந்த ஏரிக்குள்ள ஒரு தீவு. அதுவே நம்ம பெங்களூரு அளவு இருக்கும்."

அத்தை இப்போதெல்லாம் மறுப்பதில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "இன்னும் பெருசாவே இருக்கட்டும்."