காணிக் கச்சேரிக்கு ஒரு தொப்பி

அந்தத் தொப்பியை வாங்கிய ஆண்டில் நான் வன்னியிலுள்ள கச்சேரி எனப்படும் மாவட்ட அரசாங்க அலுவலகம் ஒன்றின் காணிப் பகுதியில் இலிகிதராகக் கடமையாற்றினேன். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத்தில் படித்துத் தேறி, போட்டிப் பரீட்சை எழுதி, எவருடைய சிபாரிசும் இன்றி அரசாங்க சேவைக்கு வந்தவன் நான். என் மேசையில் எந்தக் கோப்பும் ஒரு நாள்கூடத் தேங்கியதில்லை. கையெழுத்தின் அழகுக்காகவே முக்கியமான கடிதங்களை என்னிடம் தந்து எழுதுவிப்பார்கள். மல்லாவியிலிருந்து முல்லைத்தீவு வரை, "கிளாக்கர் ஐயா" வருகிறார் என்றால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்பார். பின்னர் நடந்ததை வாசிப்பவர் எவரும், விவரம் அறியாத ஒருவன் தெரியாமல் செய்தான் என்று எனக்குச் சலுகை தரலாகாது. அதற்காகவே இவற்றை முதலில் எழுதுகிறேன்.

என் அக்காவை மணந்த அத்தான் யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் பிறருடைய தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புகையிலை பயிரிட்டவர். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அந்தத் தோட்டத்துக்குரியவரின் மகன் மலாயாவிலிருந்து திரும்பி வந்து, வீடு கட்டப் போவதாகவும் அடுத்த தை மாதத்துக்குள் நிலத்தை விட்டுவிடவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அத்தானுக்கு மூன்று பெண் பிள்ளைகள். வேறு நிலம் இல்லை. அந்த வேளையில்தான் மல்லாவிப் பக்கத்துக் குளத்தின் கீழ்க் காடு வெட்டி, காணியற்ற விவசாயிகளுக்கு வயலும் மேட்டுநிலமும் பகிர்ந்தளிக்கும் திட்டத்துக்கு மனுக் கோரினார்கள். அத்தான் மனுப் போட்டார். வயதெல்லைக்கு அவருக்கு ஓராண்டே மீதி இருந்தது. இந்த முறை கிடைக்காவிட்டால் இனி ஒருபோதும் கிடைக்காது.

காணி பகிரும் பகிரங்க விசாரணைக்குத்தான் காணிக் கச்சேரி என்று பெயர். அதைக் காணாத தலைமுறைக்குச் சற்று விளக்க வேண்டும். கிடுகால் வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகை. அதன் நடுவே மேசை. காணி உத்தியோகத்தர் அமர்ந்திருப்பார். பக்கத்தில் இலிகிதர் இருந்து பெயரை வாசிப்பார், முடிவைப் பதிவார். மனுதாரர் ஒவ்வொருவராக முன்னே வருவார். எத்தனை நாள் நெல்லு, எந்த மாதம் விதைப்பு என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். எங்கள் உத்தியோகத்தர் அந்தப் பதில்களை அவ்வளவாக நம்புவதில்லை. "கையைக் காட்டும்" என்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைக் கண்டால் தலையை ஒரு முறை அசைப்பார். அத்துடன் காரியம் முடிந்தது. மனுதாரரைப் பற்றி ஆட்சேபம் சொல்ல விரும்புகிறவர் கூட்டத்திலிருந்தே எழும்பிச் சொல்லலாம். எல்லாம் வெளிச்சத்தில், எல்லோர் முன்னிலையிலும் நடக்கும்.

அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. பங்குனி வெயிலில் அத்தான் தோட்டத்தில் மயங்கி விழுந்ததாகவும், அதிலிருந்து வெயில் பட்டால் கண் இருட்டுவதாகவும், மாங்குளத்தில் ரயிலால் இறங்கி வெறுந்தலையோடு அவரை அலையவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். மாங்குளத்திலிருந்து மல்லாவிக்கு அந்நாளில் திறந்த லொறிதான். அதில் நின்றுகொண்டு குடை பிடிக்க இயலாது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கலாம். மனுதாரர் அனைவரும் அப்படித்தான் வந்தார்கள். எனக்கு அது போதவில்லை. இன்னாருடைய அத்தான் இவர் என்று என்றாவது ஒருநாள் தெரியவரும், அன்று அவர் வந்து நின்ற கோலத்தை நாலுபேர் நினைத்துப் பார்ப்பார்கள் என்று எண்ணினேன்.

வவுனியாக் கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். ரயில் பயணத்துக்கு ஒரு தொப்பி வேண்டும் என்றேன்.

"ஐயா, தலைக்குத் தொப்பியோ, பெட்டிக்குத் தொப்பியோ? அதை முதல்ல சொல்லுங்கோ."

இரண்டுக்கும் என்றேன். தக்கைத் தொப்பி ஒன்றை முதலில் எடுத்தார். வெயிலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் ஒரு பெட்டியை அது ஒன்றே நிறைத்துவிடும், அமர்த்தினால் வெடித்துவிடும். அடுத்தது கம்பளித் தொப்பி. அதை மலைநாட்டுக்குப் போகிறவர் போடலாம். வன்னியில் தலை அவிந்துபோகும். நார்த்தொப்பியை மடித்த இடத்தில் நார் முறியும். கடைசியாகத் தடித்த பருத்தித் துணியில் தைத்த ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, தம்முடைய கதிரையில் வைத்து, அதன்மேல் இருந்துகொண்டார். தேநீர் வரவழைத்தார். எனக்கும் ஒன்று தந்து, தாமும் ஆறுதலாகக் குடித்து முடித்தார். பிறகு எழும்பி, தொப்பியை ஒருமுறை உதறினார். விளிம்பு நேராக நின்றது.

"நான் இருந்தே இதுக்கு ஒண்டும் ஆகேல்ல. இனி எந்தப் பெட்டி என்ன செய்யும், சொல்லுங்கோ?" என்று தம் வயிற்றைத் தட்டிச் சிரித்தார்.

மூன்று நிறங்கள் இருந்தன. காக்கி அணிந்தால் காட்டிலாகாக் காவலர் என்பார்கள். வெள்ளையில் செம்மண் தூசி ஒரே நாளில் ஏறிவிடும். சந்தன நிறத்தைத் தெரிந்தெடுத்தேன். மூன்று விரல் அகல விளிம்பு, சுற்றிவரக் கபில நிறப் பட்டி, காற்றுப் போக இரு பக்கமும் சிறு துளைகள். விளிம்பின் உட்புறம் பச்சைத் துணி வைத்துத் தைத்திருந்தது. வெயிலின் கூச்சம் கண்ணில் படாது என்றார் வியாபாரி. கண்ணாடி முன் நானே அணிந்து பார்த்தேன். அதைவிடப் பொருத்தமான தொப்பியை அந்தக் கடையில் எவரும் தெரிந்தெடுத்திருக்க முடியாது என்று இன்றும் சொல்வேன்.

தொப்பியைத் தபாலில் அனுப்பி, அதை அணியும் முறையையும் கடிதத்தில் விரிவாக எழுதினேன். அதிகாரி முன் போகும்போது கழற்ற வேண்டும். கழற்றியதை ஒரு கையில் தொங்கவிடக்கூடாது. விளிம்பை இரு கைகளாலும் பிடித்து மார்புக்கு நேரே வைத்திருக்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

குறித்த நாள் காலை மாங்குளம் நிலையத்தில் அத்தானைக் கண்டேன். நான் தெற்கிலிருந்து வந்த வண்டியில் இறங்கி, உத்தியோகத்தரின் ஜீப்புக்காகக் காத்து நின்றேன். வடக்கிலிருந்து வந்த வண்டியால் அவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, பனையோலைப் பை, தலையில் தொப்பி.

"எப்பிடித் தம்பி, ஆளைத் தெரியுதோ?" என்றார். "கலியாணத்தண்டும் நான் இப்பிடி வடிவா இருக்கேல்லையெண்டு உம்மட அக்கா சொல்லுறா."

தோளில் துவாய் இல்லாததைக் கவனித்துக் கேட்டேன். "உது இருக்கேக்கை அது என்னத்துக்கு? வீட்டை விட்டிட்டு வந்திட்டன்" என்றார்.

மேசையில் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன். உறவினர் மனு விசாரணைக்கு வந்தால் இலிகிதர் முன்கூட்டியே அறிவித்து விலகியிருக்க வேண்டும். நான் அறிவிக்கவில்லை. என் அக்கா குடும்பம் காணியற்ற குடும்பம் என்பது அலுவலகத்துக்குத் தெரியவேண்டாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அவர் உடனே, "ஓம் ஓம், அது எனக்கு விளங்கும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "மேசைக்கு வரேக்கை இதை மடிச்சுப் பைக்குள்ளை வைக்கட்டோ?" என்று கேட்டார். மடித்து வைக்கக்கூடிய தொப்பி என்பதற்காகவே அதை வாங்கியிருந்தேன். இருந்தும் வேண்டாம் என்றேன். கடிதத்தில் எழுதியபடி பிடித்திருங்கள் என்றேன்.

"நீர் படிச்சனீர். நீர் சொன்னாச் சரி."

கொட்டகையில் அன்று பெருங்கூட்டம். துவாய் கட்டிய தலைகளின் நடுவே சந்தன நிறத் தொப்பி ஒன்று தனித்துத் தெரிந்தது. கச்சேரிப் பியோன் அதைக் கண்டு, நில அளவைப் பகுதியிலிருந்து யாரோ வந்திருக்கிறார் என்று எண்ணி, ஒரு கதிரையைத் தூக்கிப்போய் அவருக்குப் பின்னால் வைத்தார். அத்தான் மறுத்தார். பியோன் விடவில்லை. முகத்தை முறிக்கக்கூடாது என்று அத்தான் அதன் நுனியில் இருந்தார். உத்தியோகத்தர் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்ததை நான் கண்டேன்.

அவருடைய பெயரை நான் வாசித்தேன். அவர் கதிரையிலிருந்து எழும்பி வந்தபோது கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது.

"உவரும் காணிக்கோ வந்தவர்? நாங்கள் அளக்க வந்த துரையெண்டெல்லே ஒதுங்கி நிண்டனாங்கள்!"

"துரை, வயலுக்கை இறங்குவியளோ, வரம்பிலை நிண்டு விசில் ஊதுவியளோ?"

அத்தானும் சிரித்தார். தொப்பியைக் கழற்றி, விளிம்பை இரு கைகளாலும் பிடித்து, மார்புக்கு நேரே வைத்துக்கொண்டார். நான் எழுதியதில் ஒரு சொல்லும் தப்பவில்லை.

உத்தியோகத்தரின் தக்கைத் தொப்பி மேசையில் கிடந்தது. பழையது, ஓரம் வெடித்தது. அவர் அத்தானின் தொப்பியைப் பார்த்துவிட்டு, தமக்கே இப்படி ஒன்று அகப்படவில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் புன்னகைத்தேன். "ஆர் வாங்கித் தந்தது?" என்று உத்தியோகத்தர் அத்தானிடம் கேட்டார்.

"நான்தான் ஐயா. ஆசைப்பட்டு வாங்கினனான்" என்றார் அத்தான். என் பக்கம் அவர் கண் திரும்பவில்லை.

நெல்லைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகவே விடை சொன்னார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். "ஐயா, உவர் கடை வைச்சிருக்கிற ஆளாத்தான் இருக்கவேணும். காணியை எடுத்துப்போட்டு எங்களைப்போல ஆக்களுக்குத்தான் குத்தகைக்குக் குடுப்பர்." அதை மறுக்க அங்கே அவரை அறிந்தவர் என்னைத் தவிர ஒருவருமில்லை. "இல்லை ஐயா, நான் தோட்டக்காரன்" என்றார் அத்தான். அந்தத் தோட்டக்காரரின் உள்ளங்கைகள் முழுவதும் காய்ப்பு. இடதுகைப் பெருவிரலின் கீழே மண்வெட்டி வெட்டிய பழைய தழும்பு. அவை இரண்டும் தொப்பியின் பின்னால் இருந்தன. உத்தியோகத்தர் அன்று கையைக் காட்டச் சொல்லவில்லை. தொப்பியைப் பார்த்ததே அவருக்குப் போதுமாயிருந்தது. "தகுதியில்லை" என்றார். அதை உரிய நிரலில் பதிந்தேன். பல ஆண்டுகளின் பின் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை. மற்றைய வரிகளைப் போலவே இருக்கிறது.

அத்தான் வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நின்று, தொப்பியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். லொறிக்குக் காத்திராமல் வெறுந்தலையோடு நடந்து போனதாகப் பியோன் பின்னர் சொன்னார். வழியில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. பத்திரமாக வீடு சேர்ந்தார்.

தை பிறந்ததும் தோட்டத்தை விட்டார்கள். அத்தான் குடும்பத்தோடு ஸ்கந்தபுரத்துக்கு வந்து, அங்கே காணி பெற்ற ஒருவரின் வயலில் கூலிக்கு வேலை செய்தார். அந்தக் காணியின் மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அதே ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. விடுமுறை நாட்களில் போய்ப் பார்ப்பேன். அக்கா தேநீர் தந்துவிட்டு என் முன்னாலேயே அவரைக் குத்திக்காட்டுவார். "உங்கட மினுக்கத்தாலை வந்த வினையெல்லே இது? தம்பி வெயிலுக்கு அனுப்பின தொப்பியை மேசைக்குப் போகேக்கை மடிச்சுப் பைக்குள்ளை வைச்சிருந்தாக் காணி கிடைச்சிருக்கும்!" அவர் சிரிப்பார். "விடப்பா, ஒருநாளெண்டாலும் எனக்குக் கதிரை போட்டவங்கள்" என்பார். நான் தேநீரைக் குடிப்பேன். தனியே இருந்த வேளைகளிலும் அவர் என்னிடம் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. ஒரே ஒருமுறை, வரம்பில் நடந்துபோகையில், "அந்தப் பச்சைத் துணி கண்ணுக்கு நல்ல சுகம் தம்பி" என்றார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காய்ச்சலில் கிடந்து, நாலாம் நாள் இறந்துபோனார்.

இதை எழுதும்போது கண்ணீர் வருவதில்லை. அப்போதும் வரவில்லை. துக்கம் என்று சொல்லத்தக்கது ஏதும் என்னுள் இருக்கிறதா என்று பலமுறை தேடியிருக்கிறேன். கிடைப்பதெல்லாம் விவரங்கள்தான்: விளிம்பின் அகலம், பட்டியின் நிறம், கதிரையின் நுனி. அவற்றை ஒன்றும் விடாமல் சொல்ல முடிகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை.

அண்மையில் அக்கா காலமானார். முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில் உறவினர் ஒருவர் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறார். அத்தான் பகட்டுக்காக ஒரு தொப்பியை வாங்கி அணிந்து காணியை இழந்தார் என்பது ஒன்று. மேசையிலிருந்த நான் என் பதவியையும் பாராமல் எழும்பி நின்று, அவருடைய கைகளைப் பார்க்கும்படி உத்தியோகத்தரை மன்றாடினேன், அது பலிக்கவில்லை என்பது மற்றது. என் பெயருக்கு முன்னால் நல்ல அடைமொழிகளும் இட்டிருக்கிறார்.

இரண்டும் பிழை. தொப்பியை வாங்கியவன் நான். நான் எழும்பி நிற்கவில்லை. கைகளைப் பார்க்கும்படி யாரிடமும் சொல்லவில்லை. முடிவைப் பதிந்த மை காயுமுன், அத்தான் மேசையை விட்டு நகருமுன், அடுத்தவரின் பெயரை வாசித்தேன்.